ஃபேஜ் ஜெல் சரியாக ஓடாதபோது: அறிகுறியை வைத்துக் காரணத்தைக் கண்டறிதல்

பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களான ஃபேஜ்களை உடைக்காமல், முழுத் துகள்களாகவே, கடற்பாசியிலிருந்து கிடைக்கும் அகரோஸ் என்னும் பொருளாலான ஜெல்லில் மின்புலத்தைக் கொண்டு பிரிக்கும் முறை, பார்வைக்கு டி.என்.ஏ ஜெல் ஓட்டுவதைப் போலவே இருக்கும். அதே தட்டு, மாதிரி ஏற்றும் குழிகளை உருவாக்கும் அதே சீப்பு, அதே மின்வழங்கி. ஆய்வகங்களில் எழும் குழப்பங்களில் பெரும்பகுதிக்கு இந்த ஒற்றுமைதான் காரணம் என்பது என் கருத்து. டி.என்.ஏ-வில் நீளத்துக்கு ஏற்ப மின்னூட்டமும் கூடிக்கொண்டே போவதால், ஜெல்லில் அது எவ்வளவு தூரம் போகிறது என்பதை ஏறக்குறைய நீளமே தீர்மானிக்கிறது. ஃபேஜ் துகளிலோ உள்ளே அடைந்து கிடக்கும் டி.என்.ஏ-வின் மின்னூட்டம் வெளியே பெரிதாகத் தெரிவதில்லை; வெளிப்புறப் புரத உறையின் மேற்பரப்பு மின்னூட்டமும், அந்தத் துகளை ஜெல்லின் துளைகள் எவ்வளவு தடுக்கின்றன என்பதும் சேர்ந்தே அதன் வேகத்தை முடிவு செய்கின்றன. ஆகவே ஜெல்லில் தெரியும் ஒரு பட்டை, நகர்திறன் ஒன்றை மட்டுமே சொல்கிறது. அது பெரிய துகளா, மின்னூட்டம் குறைந்த துகளா, உடைந்ததா, முழுமையானதா என்பதை ஒவ்வொன்றாக, வேறு சோதனைகள் மூலம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கீழே தரப்படும் வழிமுறைகள் அறிகுறிகளின்படி அமைந்துள்ளன. எந்த அறிகுறியாக இருந்தாலும், முதலில் நம்பகமான ஓர் அடிப்படை நிலைக்குத் திரும்பி, அங்கிருந்து ஒரு நேரத்தில் ஒரே ஒரு காரணியை மட்டும் மாற்றிப் பார்ப்பதே நல்லது.

அடிப்படை நிலை

ஏறத்தாழ 60 நானோமீட்டர் தலை கொண்ட டி7, லாம்டா போன்ற ஃபேஜ்களுக்கு 0.7 முதல் 0.9 சதவீத அகரோஸ் பொருத்தமானது. எலக்ட்ரோஆஸ்மோசிஸ் (மின்புலத்தால் ஜெல்லுக்குள் எழும் நீரோட்டம்) குறைந்த ரக அகரோஸையே பயன்படுத்த வேண்டும். பி.எச்-ஐ நிலையாக வைக்கும் பஃபராக, 50 மில்லிமோலார் சோடியம் பாஸ்பேட்டுடன் (பி.எச் 7.4) 1 மில்லிமோலார் மெக்னீசியம் குளோரைடு சேர்ந்த கலவை நன்றாக உழைக்கிறது. மின்புலம் ஒரு சென்டிமீட்டருக்கு 1 வோல்ட் அளவில் இருந்தால் போதும். ஜெல்லை இரவு முழுவதும் ஓடவிட வேண்டும். மாதிரியில் சுக்ரோஸும் சிறிது புரோமோஃபீனால் நீலமும் மட்டும் கலக்க வேண்டும். டி.என்.ஏ-வுக்கென்று கடையில் கிடைக்கும் ஏற்றுச் சாயங்களில் மெக்னீசியம் அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் ஈ.டி.டி.ஏ இருக்கும், சிலவற்றில் எஸ்.டி.எஸ் என்னும் சோப்புப் பொருளும் இருக்கும். இரண்டும் துகளுக்கு ஆகாதவை.

ஒவ்வொரு ஜெல்லிலும் மூன்று துணைத் தடங்கள் இருக்க வேண்டும்: நன்கு அறிந்த ஒரு ஃபேஜ், அதே ஃபேஜிலிருந்து பிரித்தெடுத்த வெற்று டி.என்.ஏ, டி.என்.ஏ-வைச் சிதைக்கும் டி.என்.ஏஸ் நொதியால் முன்கூட்டியே பதப்படுத்திய உங்கள் மாதிரி. இவை இல்லாமல் ஓட்டிய ஜெல்லின் படத்தை வைத்துக்கொண்டு காரணம் தேடுவது பெரும்பாலும் வீண் வேலை. மாதிரிகளை இரட்டையாக ஏற்றி, ஜெல்லை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை நியூக்ளிக் அமிலத்துக்கும் மறு பாதியைப் புரதத்துக்கும் சாயமேற்ற வேண்டும்.

அறிகுறி: பட்டையே தெரியவில்லை

முதலில் கணக்கைப் பாருங்கள். டி7 ஃபேஜின் மரபணுத்தொகுதி 39,937 கார இணைகளைக் கொண்டது. இதிலிருந்து கணக்கிட்டால், 100 கோடி துகள்களில் உள்ள மொத்த டி.என்.ஏ ஏறக்குறைய 43 நானோகிராம். எத்திடியம் புரோமைடு என்னும் நியூக்ளிக் அமிலச் சாயத்தில் இந்த அளவு தெளிவாகத் தெரியும். அதில் பத்தில் ஒரு பங்கு இருந்தால் மங்கலாகத் தெரியலாம். குழியில் 10 மைக்ரோலிட்டர்தான் ஏற்ற முடியும் என்றால், மாதிரியின் டைட்டர் (தொற்றும் துகள்களின் செறிவு) ஒரு மில்லிலிட்டருக்கு 10,000 கோடி என்ற அளவில் இருக்க வேண்டும். பாக்டீரியா வளர்ப்பு கரைந்து தெளிந்தவுடன் கிடைக்கும் நீர்மத்தில் வழக்கமாக இவ்வளவு துகள்கள் இருப்பதில்லை. செறிவூட்டாமல் நேரடியாக ஏற்றியவருக்குப் பட்டை கிடைக்காததில் வியப்பில்லை. எம்.எஸ்.2 போன்ற சிறிய ஆர்.என்.ஏ ஃபேஜ்களில் நிலைமை இன்னும் மோசம். அதன் மரபணுத்தொகுதி 3,569 நியூக்ளியோடைடுகள் மட்டுமே கொண்ட ஒற்றை இழை என்பதால், அதே 100 கோடி துகள்களில் 2 நானோகிராம் அளவே நியூக்ளிக் அமிலம் உள்ளது.

புரதச் சாயமான கூமாசி நீலத்துக்கு இதைவிடப் பல மடங்கு மாதிரி தேவை. டி7 துகளின் நிறையில் ஏறத்தாழ பாதிதான் புரதம். எனவே 100 கோடி துகள்கள் கூமாசியின் கண்ணில் படாமலே போகலாம், 1,000 கோடி இருந்தால் பட்டை தெளிவாக இருக்கும்.

டைட்டர் போதுமானதாக இருந்தும் பட்டை இல்லையெனில், சாயம் உள்ளே நுழையவில்லை என்பது அடுத்த ஐயம். புரத உறை முழுமையாக இருக்கும்போது சாயம் உள்ளே செல்வது ஃபேஜுக்கு ஃபேஜ் வேறுபடும். சிலவற்றில் மெதுவாகச் சென்று பல மணி நேரத்துக்குப் பிறகே தெரியும். எம்13 போன்ற இழை வடிவ ஃபேஜ்களில் உறையை அகற்றும் வரை ஏறக்குறைய எதுவுமே தெரியாது. இதற்கு எளிய தீர்வு உண்டு. ஓட்டி முடித்த ஜெல்லை முதலில் வழக்கம்போல் சாயமேற்றிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதன்பின் 0.2 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, டிரிஸ் கரைசலால் பி.எச் 7-க்குக் கொண்டுவந்து, மீண்டும் சாயமேற்றுங்கள். காரம் உறைப் புரதத்தைக் குலைத்துவிடுவதால், உள்ளிருந்த நியூக்ளிக் அமிலம் அதே இடத்தில் வெளிப்பட்டு ஒளிரும். முதல் படத்தில் இல்லாமல் இரண்டாவது படத்தில் மட்டும் தோன்றும் பட்டை, மூடிய துகளுக்குள் இருந்த நியூக்ளிக் அமிலத்தைக் குறிக்கிறது. இரண்டிலும் ஒரே அளவில் ஒளிர்வது பெரும்பாலும் வெளியே கிடந்த டி.என்.ஏ. குறை ஒன்றைத் தேடப்போய்ப் பயனுள்ள ஒரு சோதனையே இதில் கிடைத்துவிடுகிறது. ஆனால் இந்த வழி ஆர்.என்.ஏ ஃபேஜ்களுக்குப் பொருந்தாது, ஏனெனில் காரத்தில் ஆர்.என்.ஏ சிதைந்துவிடும்.

அறிகுறி: மாதிரி குழியை விட்டு நகரவில்லை

குழியின் அடியில் பிரகாசமான கோடு மட்டும் தெரிந்தால், அகரோஸின் செறிவைக் குறைக்கத்தான் பலருக்கும் முதலில் தோன்றும். அது சில வேளைகளில் சரியே. டி4 ஃபேஜின் தலை மட்டுமே ஏறத்தாழ 115 நானோமீட்டர் நீளமும் 85 நானோமீட்டர் அகலமும் கொண்டது. அதோடு வாலும் நீண்ட வால் இழைகளும் சேர்ந்தால், 1 சதவீத ஜெல் அதற்கு நெருக்கடியான இடம். ஆனால் லாம்டாவோ டி7-ஓ 0.8 சதவீத ஜெல்லில் நுழையவில்லை என்றால் குற்றம் ஜெல்லில் இல்லை. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டிருக்கின்றன.

திரள்வதற்கான காரணங்களில் நான் முதலில் சந்தேகிப்பது பாலிஎத்திலீன் கிளைகோல் எச்சத்தை. ஃபேஜை வீழ்படிவாக்க அதையும் உப்பையும் சேர்த்தபின், அடியில் படிந்ததைக் கரைக்கும்போது இந்தப் பாலிமரும் கூடவே வந்துவிடுகிறது. மூலக்கூறு எடை 8,000 கொண்ட பாலிமர் சிறு மூலக்கூறுகளை மட்டும் வெளியே விடும் சாதாரண டயாலிசிஸ் பைகளின் துளைகளில் எளிதாக வெளியேறாது என்பதால், டயாலிசிஸ் செய்துவிட்டோம் என்ற நிம்மதி இங்கே பொய்யானது. சீசியம் குளோரைடு அடர்த்திப் படிநிலையில் (மேலிருந்து கீழாக அடர்த்தி கூடிக்கொண்டே போகும் கரைசலில்) சுழற்றினால் பாலிமரும் பாக்டீரியாவின் சவ்வுச் சிதிலங்களும் ஒருங்கே பிரிந்துவிடும்.

அந்தச் சிதிலங்களைத் தனியாகக் கவனிக்க வேண்டும். ஃபேஜ் ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகள் பாக்டீரியாவின் புறச்சவ்வில் இருப்பவை. செல் உடைந்தபின் மிதக்கும் சவ்வுத் துணுக்குகளிலும் அவை இருக்கின்றன. ஃபேஜ் அவற்றில் ஒட்டிக்கொண்டு பெரிய கட்டியாகலாம், சில வகைகளில் அந்த ஒட்டுதலே டி.என்.ஏ-வை வெளியேற்றும் தூண்டுதலாகவும் அமையலாம். குளோரோஃபார்ம் சேர்த்துக் கலக்கிச் சுழற்றுவது சிதிலங்களைக் குறைக்கும். ஆனால் பி.ஆர்.டி1, பி.எம்.2, ஃபை6 போன்ற கொழுப்புப் படலமுடைய ஃபேஜ்களுக்கு அது நஞ்சு. உங்கள் ஃபேஜ் புதிதாகப் பிரித்தெடுத்த ஒன்று என்றால், சிறு அளவில் குளோரோஃபார்ம் சேர்த்து டைட்டர் குறைகிறதா என்று பார்த்த பிறகே முழு மாதிரியிலும் சேர்க்க வேண்டும்.

இன்னொரு காரணம் வோல்ட்டேஜ். தலையிலிருந்து டி.என்.ஏ-வின் ஒரு பகுதி வெளியே நீண்டுவிட்ட துகள், கயிறு கட்டிய பந்தைப் போன்றது. மின்புலம் வலுவாக இருந்தால் கயிறு முன்னே இழுபட்டு ஜெல் இழைகளைச் சுற்றிக்கொள்ள, பந்து பின்னால் மாட்டிக்கொள்கிறது. அதே மாதிரியைப் பாதி வோல்ட்டேஜில் இரு மடங்கு நேரம் ஓட்டிப் பாருங்கள். குறைந்த வோல்ட்டேஜில் உள்ளே நுழைந்தால், திரட்சி இல்லை, மாட்டிக்கொள்ளுதலே காரணம் என்று கொள்ளலாம்.

அறிகுறி: கூர்மையான பட்டைக்குப் பதில் நீண்ட தீற்றல்

தீற்றலின் வடிவத்தைக் கூர்ந்து பார்த்தால் பாதி விடை அதிலேயே கிடைக்கும். குழியில் தொடங்கி ஒரு பட்டை வரை மங்கலாக நீளும் தீற்றல் என்றால், ஓட்டத்தின்போதே திரள்கள் கலைந்துகொண்டிருக்கின்றன அல்லது அளவுக்கு மீறி மாதிரி ஏற்றப்பட்டிருக்கிறது. ஃபேஜ் பட்டையில் தொடங்கி வெற்று டி.என்.ஏ-வின் இடம் வரை முன்னோக்கி நீளும் தீற்றல் என்றால், துகள்கள் ஜெல்லுக்குள் போன பிறகு வழியிலேயே உடைந்து டி.என்.ஏ-வை விட்டுக்கொண்டே போகின்றன. பின்னது பஃபரின் குற்றம்.

டி.என்.ஏ ஜெல்லுக்கு வழக்கமாகப் பயன்படும் டி.ஏ.ஈ, டி.பி.ஈ பஃபர்களில் ஈ.டி.டி.ஏ உள்ளது. அது மெக்னீசியம் அயனிகளைப் பிடித்துக்கொள்கிறது. தலைக்குள் நெருக்கி அடைக்கப்பட்ட டி.என்.ஏ-வின் எதிர் மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்காதபடி அடக்கி வைப்பதில் இந்த அயனிகளுக்குப் பெரும்பங்கு உண்டு. அவை போனதும் உள்ளழுத்தம் கூடித் தலை திறந்துகொள்கிறது. லாம்டா இதற்கு நல்ல சான்று. முழு மரபணுத்தொகுதியைச் சுமக்கும் லாம்டா ஈ.டி.டி.ஏ-வில் விரைவில் செயலிழக்கிறது, டி.என்.ஏ-வில் ஒரு பகுதி நீங்கிய திரிபுகளோ அதைத் தாங்கி நிற்கின்றன. உள்ளே இடம் கிடைத்தால் அழுத்தம் குறைகிறது, அவ்வளவுதான். எனவே முன்னோக்கிய தீற்றலைக் கண்டால், ஈ.டி.டி.ஏ இல்லாத டிரிஸ்-அசிட்டேட்டிலோ மேலே சொன்ன பாஸ்பேட் பஃபரிலோ 1 மில்லிமோலார் மெக்னீசியத்துடன் மறுபடி ஓட்டுங்கள். டி.ஏ.ஈ-யிலேயே மெக்னீசியத்தைச் சேர்த்துச் சமாளிக்க நினைப்பவர்கள், ஈ.டி.டி.ஏ-வின் அளவை விடக் கூடுதலாகச் சேர்த்தால்தான் மிச்சம் ஏதும் இருக்கும் என்பதை மறக்கக்கூடாது.

மாதிரி ஜெல்லுக்கு வருவதற்கு முன்பே உடைந்திருக்கவும் கூடும். சீசியம் குளோரைடிலிருந்து எடுத்த டி4-ஐ நேரடியாக நீர்த்த பஃபரில் ஊற்றினால், சவ்வூடு பரவல் அதிர்ச்சியில் தலைகள் வெடித்துவிடும். உப்பைப் படிப்படியாகக் குறைத்து டயாலிசிஸ் செய்ய வேண்டும். டி7 இந்த அதிர்ச்சியை எளிதாகத் தாங்கிக்கொள்ளும் என்பதால், அதில் பழகிய கை டி4-இல் தவறுவது வழக்கம். டி.என்.ஏஸ் இட்ட துணைத் தடத்தை இப்போது பாருங்கள். அதில் தீற்றல் மறைந்து பட்டை மட்டும் எஞ்சியிருந்தால், டி.என்.ஏ ஏற்றுவதற்கு முன்பே வெளியே இருந்தது. அங்கும் தீற்றல் அப்படியே இருந்தால், உடைதல் ஜெல்லுக்குள் நடக்கிறது.

அறிகுறி: ஒரே ஃபேஜுக்கு இரண்டு அல்லது மூன்று பட்டைகள்

இதை உடனே மாசு என்று முடிவுகட்ட வேண்டாம். இந்த முறை தரும் மிகச் சுவையான தகவல்கள் இங்கேதான் இருக்கின்றன. முதலில் இரு சாயப் பாதிகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். நியூக்ளிக் அமிலச் சாயத்திலும் கூமாசியிலும் தெரிவது முழுத் துகள். கூமாசியில் மட்டும் தெரிவது வெற்றுக் கேப்சிட், அதாவது டி.என்.ஏ இல்லாத புரத உறை. நியூக்ளிக் அமிலச் சாயத்தில் மட்டும் தெரிந்து, டி.என்.ஏஸ் தடத்தில் காணாமல் போவது வெற்று டி.என்.ஏ. ஏறத்தாழ 20,000 கார இணைகளுக்கு மேல் நீளமான டி.என்.ஏ-க்கள் அனைத்தும் சாதாரண ஜெல்லில் ஒரே இடத்தில் கூடிவிடும் என்பதால், அந்தப் பட்டை ஃபேஜ் பட்டையைப் போலவே கூர்மையாகத் தோன்றி ஏமாற்றக்கூடும்.

வெற்றுக் கேப்சிட் எல்லாம் ஒரே வகையானதல்ல. டி7-ஐ எடுத்துக்கொண்டால், டி.என்.ஏ நுழைவதற்கு முன் உருவாகும் முன்கேப்சிட் உருவில் சிறியது, வட்டமானது, டி.என்.ஏ ஏற்றப்படும்போது அதே 415 உறைப் புரதப் பிரதிகள் இடம் மாறி அமைந்து, உறை விரிந்து பெரிதாகிப் பல்கோண வடிவம் பெறுகிறது. புரதம் ஒன்றே என்றாலும், விரிந்த உறையில் வெளியே தெரியும் அமினோ அமிலங்கள் வேறு என்பதால் மேற்பரப்பு மின்னூட்டமும் மாறிவிடுகிறது. ஆகவே ஒரே புரதத்தால் ஆன இரண்டு வெற்று உறைகள் ஜெல்லில் இரண்டு இடங்களில் நிற்பது இயல்பானது. அதற்கு மாறாக, வெளிமேற்பரப்பு ஒன்றாகவே இருந்தால், டி.என்.ஏ உள்ளே இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரு துகள்களும் ஏறக்குறைய ஒன்றாகவே நகரும். வெற்று உறையும் முழுத் துகளும் பிரியவில்லையே என்று ஜெல்லைக் குறைசொல்லிப் பயனில்லை; அவற்றை அடர்த்திப் படிநிலையில்தான் பிரிக்க வேண்டும்.

இரு பட்டைகளுக்கும் இடையிலான வேறுபாடு அளவினாலா மின்னூட்டத்தினாலா என்பதற்கு ஒரே செறிவில் ஓட்டிய ஜெல் பதில் சொல்லாது. 0.4, 0.6, 0.8, 1.0, 1.2 சதவீதம் எனப் பல செறிவுகளில் ஒரே நேரத்தில் ஓட்டி, நகர்திறனின் மடக்கையைச் செறிவுக்கு எதிராக வரைய வேண்டும். 1964-இல் ஃபெர்குசன் ஸ்டார்ச் ஜெல்லில் புரதங்களுக்காகக் காட்டிய இந்த வரைபடம் ஃபேஜ்களுக்கும் பொருந்துகிறது. கோடு எவ்வளவு செங்குத்தாக இறங்குகிறதோ துகள் அவ்வளவு பெரியது. கோட்டைப் பூச்சியச் செறிவு வரை நீட்டினால் கிடைப்பது, தடையில்லாத நீர்மத்தில் அதன் நகர்திறன், அதாவது மேற்பரப்பு மின்னூட்டத்தின் அடையாளம். இரண்டு கோடுகள் இணையாக ஓடினால் துகள்கள் ஒரே அளவு, மின்னூட்டம் வேறு. பூச்சியச் செறிவில் சந்தித்துப் பிறகு விலகிச் சென்றால் மின்னூட்டம் ஒன்று, அளவு வேறு. நடுவில் வெட்டிக்கொண்டால் இரண்டுமே வேறு. அந்த வெட்டுப்புள்ளியின் செறிவில் ஜெல் ஓட்டியவருக்கு ஒரே ஒரு பட்டைதான் தெரிந்திருக்கும். அதனால்தான் ஒற்றைப் பட்டையைக் காட்டித் தூய்மைக்குச் சான்று சொல்வதை நான் ஏற்பதில்லை. பெரிய துகள்களுக்கு அகரோஸில் இந்தக் கோடு நேராக இல்லாமல் கீழ்நோக்கி வளையும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். எனவே உயர் செறிவுகளிலிருந்து நீட்டாமல், தாழ்ந்த செறிவுப் புள்ளிகளைக் கொண்டே பூச்சியத்துக்குச் செல்ல வேண்டும்.

மாதிரி சிக்கலானதாக இருந்தால் இரு பரிமாண ஓட்டம் நேரத்தை மிச்சப்படுத்தும். முதலில் தாழ்ந்த செறிவு ஜெல்லில் ஓட்டினால் பெரும்பாலும் மின்னூட்டத்தால் பிரியும். அந்தத் தடத்தை வெட்டி எடுத்து, உயர் செறிவு ஜெல்லின் தலைப்பில் பதித்து, முதல் ஓட்டத்துக்குச் செங்குத்தான திசையில் மறுபடி ஓட்டினால் அளவால் பிரியும். தாழ்ந்த செறிவு ஜெல் கையில் எடுத்தாலே கிழிந்துவிடும் என்பதால், அதைச் சுற்றிக் கெட்டியான அகரோஸால் ஒரு சட்டம் வார்த்துக்கொள்வது அவசியம்.

அறிகுறி: ஃபேஜ் எதிர்மின்முனைப் பக்கம் போகிறது, அல்லது நகரவே இல்லை

அகரோஸ் இழைகளில் ஒட்டியிருக்கும் சல்பேட் போன்ற எதிர் மின்னூட்டக் குழுக்கள் அசைய முடியாதவை. அவற்றை ஈடுசெய்யும் நேரயனிகளோ நீரையும் இழுத்துக்கொண்டு எதிர்மின்முனை நோக்கிப் போகின்றன. இந்த நீரோட்டம்தான் எலக்ட்ரோஆஸ்மோசிஸ். டி.என்.ஏ வேகமாக நகர்வதால் இதைப் பொருட்படுத்துவதில்லை. மின்னூட்டம் குறைந்த ஃபேஜ் அந்த நீரோட்டத்தை எதிர்த்து நீந்த முடியாமல் பின்னால் அடித்துச் செல்லப்படுகிறது. மின்னூட்டமற்ற, நிறமுள்ள வைட்டமின் பி12-ஐ ஒரு தடத்தில் ஏற்றுங்கள். அது எதிர்மின்முனைப் பக்கம் எவ்வளவு தூரம் நகர்ந்ததோ, அந்தத் தூரத்தை ஒவ்வொரு பட்டையின் இடத்திலும் திருத்திக்கொண்டால் உண்மையான நகர்திறன் கிடைக்கும். திருத்திய பிறகும் ஃபேஜ் எதிர்மின்முனைப் பக்கமே இருந்தால், அந்த பி.எச்-இல் அதன் மேற்பரப்பு உண்மையிலேயே நேர் மின்னூட்டமுடையது, பி.எச்-ஐ 8.5 வரை உயர்த்திப் பார்க்கலாம். புதிய ஃபேஜ் எந்தப் பக்கம் போகும் என்று தெரியாதவரை, குழிகளை ஜெல்லின் ஓரத்தில் வைக்காமல் நடுவில் வைப்பது புத்திசாலித்தனம். எங்கோ ஓடிப்போய்த் தொட்டியில் கலந்துவிட்ட ஃபேஜை, பட்டையே இல்லை என்று தவறாகப் படிக்கும் ஆபத்து இதனால் நீங்கும்.

அறிகுறி: பட்டைகள் வளைகின்றன, ஓட்டத்துக்கு ஓட்டம் இடம் மாறுகின்றன

நடுத் தடங்கள் முந்தி, ஓரத் தடங்கள் பிந்தினால் வெப்பம் காரணம். நீரின் பாகுத்தன்மை குறைவதால், அறை வெப்பநிலையை ஒட்டி ஒவ்வொரு பாகை செல்சியஸ் உயர்வுக்கும் நகர்திறன் ஏறத்தாழ 2 சதவீதம் கூடுகிறது. பாஸ்பேட் பஃபர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால், டி.ஏ.ஈ-யில் பழகிய 100 வோல்ட்டை இங்கே வைத்தால் ஜெல் சூடேறிவிடும். வோல்ட்டேஜைக் குறைத்து, தொட்டியின் இரு முனைப் பஃபரையும் பம்பு கொண்டு சுழலவிடுங்கள். மின்முனைகளில் நீர் பகுபடுவதால் ஒரு பக்கம் அமிலமும் மறுபக்கம் காரமும் கூடுவதை இந்தச் சுழற்சி சமன்செய்யும். மாதிரி குழியை விட்டு ஜெல்லுக்குள் நுழைந்த பிறகே பம்பை இயக்க வேண்டும். ஒரு தடம் மட்டும் நெளிந்து பக்கத்துத் தடத்தையும் இழுத்தால், அந்த மாதிரியில் சீசியம் உப்பு மிச்சம் இருக்கிறது.

அறிகுறி: பட்டை அழகாக இருக்கிறது, ஆனால் வெட்டி எடுத்த ஃபேஜ் பிளேக் (பாக்டீரியாப் படலத்தில் தோன்றும் தெளிந்த புள்ளி) தரவில்லை

சாயமேற்றிப் புறஊதா ஒளியில் பார்த்த பட்டையையே வெட்டி எடுத்தால் தொற்றும் திறன் போய்விடும். எத்திடியமும் புறஊதாவும் சேர்ந்து உள்ளிருக்கும் டி.என்.ஏ-வைச் சேதப்படுத்துகின்றன. வழிகாட்டித் தடத்தை மட்டும் வெட்டிச் சாயமேற்றி, பட்டையின் இடத்தை அளந்துகொண்டு, சாயமில்லாத தடத்தில் அதே உயரத்தில் வெட்ட வேண்டும். ஜெல்லை உருக்குவது கூடாது. தாழ் வெப்பத்தில் உருகும் அகரோஸுக்கும் 65 பாகை அளவு வெப்பம் தேவை, பல ஃபேஜ்கள் அதைத் தாங்குவதில்லை. துண்டை நசுக்கி, மெக்னீசியம் உள்ள எஸ்.எம் பஃபரில் குளிர்பதனப் பெட்டியில் இரவு முழுவதும் ஊறவிட்டால் ஃபேஜ் பரவி வெளியே வரும். அதையும்விட எளிய வழி, சாயமிடாத தடத்தை முழுதாக வெட்டி, ஓம்புயிர் பாக்டீரியா கலந்த மென் அகர்ப் படலத்தின் மேல் படுக்கவைப்பது. தொற்றும் துகள்கள் எந்த இடத்தில் இருக்கின்றனவோ அங்கே பாக்டீரியாப் படலம் தெளிந்துவிடும். பட்டை இல்லாத வெற்றிடத்தின் ஒரு துண்டையும் உடன் சோதிக்க வேண்டும். 1,000 கோடி துகள்களை ஏற்றிய ஜெல்லில், பரவிய சில ஆயிரம் துகள்கள் எங்கு வெட்டினாலும் பிளேக் தரும்.

அறிகுறி: துடிப்புப் புல ஜெல்லில் ஃபேஜ் டி.என்.ஏ ஏணிபோல் தெரிகிறது

மின்புலத்தின் திசையை மாற்றி மாற்றி நீண்ட டி.என்.ஏ-க்களைப் பிரிக்கும் இந்த முறையில் நோக்கம் தலைகீழானது. துகளை உடைத்து, டி.என்.ஏ-வின் முழு நீளத்தை அளக்கிறோம். எனவே இதுவரை எதிரியாக இருந்த ஈ.டி.டி.ஏ இங்கே நண்பன். ஃபேஜை அகரோஸ் கட்டிக்குள் பதித்து, ஈ.டி.டி.ஏ-வுடன் புரோட்டினேஸ் கே என்னும் நொதியை இட்டு உறையைச் செரிக்கவிட்டால், நீண்ட டி.என்.ஏ நறுங்காமல் தப்பும். லாம்டாவில் 48.5 கிலோபேஸ் (ஆயிரம் கார இணைகள்), 97 கிலோபேஸ் என்று படிகள் தெரிந்தால் அது கலப்படமல்ல; இரு முனைகளிலும் உள்ள 12 நியூக்ளியோடைடு ஒட்டுமுனைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. மாதிரியை 65 பாகையில் சில நிமிடம் வைத்து உடனே பனிக்கட்டியில் இட்டால் ஒற்றைப் பட்டையாகிவிடும். டி4-இன் டி.என்.ஏ பல கட்டுப்பாட்டு நொதிகளால் வெட்டப்படாமல் நின்றால் நொதியைக் குறைசொல்ல வேண்டாம். அதன் சைட்டோசின்கள் மாற்றியமைக்கப்பட்டுச் சர்க்கரை ஏற்றப்பட்டவை.

அறிகுறி: நுண்குழாயிலும் நுண்சாதனத்திலும் வரும் கோளாறுகள்

ஜெல்லுக்குப் பதில் மெல்லிய கண்ணாடிக் குழாயில் மின்புலத்தால் பிரிக்கும் நுண்குழாய் எலக்ட்ரோபோரெசிஸில், பட்டைக்குப் பதில் வரைபடத்தில் தோன்றும் உச்சிக்குப் பின்னால் நீண்ட வால் தெரிந்தால், துகள்கள் கண்ணாடிச் சுவரில் ஒட்டிப் பிரிந்துகொண்டே வருகின்றன. உட்பூச்சுள்ள குழாய்க்கு மாறுவதே தீர்வு. சோப்புப் பொருள் சேர்த்து இந்த ஒட்டலைக் குறைக்க முனைந்தால் ஃபேஜ் குலையாமல் இருக்கிறதா என்பதை டைட்டர் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். கூர் ஊசிகள் போன்ற உச்சிகள் ஒழுங்கில்லாத நேரங்களில் வந்தால் அவை திரள்கள். மின்புலத்தைக் கொண்டே மாதிரியை உள்ளிழுத்தால் வேகமாக நகரும் துகள் கூடுதலாக நுழையும் என்பதால், அளவறிய வேண்டுமெனில் அழுத்தத்தால் செலுத்துங்கள்.

சீரற்ற மின்புலத்தால் துகள்களைப் பிடிக்கும் டைஎலக்ட்ரோபோரெசிஸில் பொதுவான முறையீடு, பாக்டீரியாவைப் பிடித்த சாதனம் ஃபேஜைப் பிடிக்கவில்லை என்பது. அந்த விசை துகளின் கன அளவுக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், 1 மைக்ரோமீட்டர் பாக்டீரியாவோடு ஒப்பிட்டால் 60 நானோமீட்டர் ஃபேஜ் மீது செயல்படும் விசை 4,000 மடங்குக்கும் மேல் குறைவு. வோல்ட்டேஜை மட்டும் ஏற்றினால் வெப்பமும் குமிழிகளும்தான் மிஞ்சும். மின்புலம் குவியும் இடுக்கைக் குறுக்கிப் புலத்தின் சரிவைக் கூட்டுவதே சரியான திசை. பஃபரின் கடத்துதிறனைக் குறைப்பதும் வழக்கம், ஆனால் மெக்னீசியத்தை அடியோடு விட்டுவிடாமல் டைட்டரைச் சரிபார்த்துக்கொண்டே குறைக்க வேண்டும். ஒளிரும் சாயமிட்ட ஃபேஜ்கள் இடுக்கில் குவிந்துவிட்டனவா என்பதைப் புலத்தை அணைத்துப் பாருங்கள். குவியல் கலைந்து நீரோடு போனால் பிடித்தது மின்புலம். கலையாமல் நின்றால் அது சுவரில் ஒட்டியது, அளவீட்டைத் தொடர்வதற்கு முன் சுவருக்குப் பூச்சிட வேண்டும்.